தேடாமல் கைக்கு வரும் லைப்ரரி: டிஜே செட்டுக்கு ஆடியோவும் வீடியோவும் அடுக்கும் முறை

ஒரு பாட்டு ஓடும்போது அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்க டிஜேவுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்று. அதற்குள் தேட வேண்டும், ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும், இரண்டு பாட்டின் வேகத்தையும் (டெம்போ) சேர்க்க வேண்டும், நடுவில் தலையைத் தூக்கிக் கூட்டத்தையும் பார்க்க வேண்டும். தேடுவதற்கே ஒன்றரை நிமிடம் போனால் மீதியெல்லாம் அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம்தான். மிக்ஸிங்கை எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும் இதற்கு மருந்து வீட்டிலேயே செய்துவைக்கும் அடுக்கு வேலை மட்டுமே.

நான் ஆடியோ செட்டும் போடுகிறேன், திரையோடு வீடியோ செட்டும் போடுகிறேன். என் லைப்ரரி முழுக்க ஒரே எண்ணத்தின் மேல் நிற்கிறது. ஃபோல்டர் பத்திரமாக வைப்பதற்கு. டேக், அதாவது ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும் விவரம், தேடி எடுப்பதற்கு. பிளேலிஸ்ட் மேடையில் போடுவதற்கு. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ‘90கள்’, ‘டான்ஸ்’, ‘டூயட்’ என்று மூன்று ஃபோல்டர் போட்டவர் ஒரு 90களின் டூயட் டான்ஸ் பாட்டை எங்கே வைப்பார்? மூன்றிலும் காப்பி போடுவார். அப்புறம் ஒரு காப்பியில் கியூ பாயின்ட் (பாட்டில் தாவ வேண்டிய இடத்தில் வைக்கும் அடையாளம்) இருக்கும், மற்ற இரண்டில் இருக்காது. மேடையில் தேடும்போது முதலில் அகப்படுவது கியூ இல்லாத காப்பியாகத்தான் இருக்கும்.

ஃபோல்டரை எளிமையாக விடுங்கள்

ஒரே ஒரு தாய் ஃபோல்டர். அது ஒரே டிரைவில். உள்ளே நான் வைத்திருப்பவை இவ்வளவுதான்: ‘00 வரவு’, ‘10 ஆடியோ’, ‘20 வீடியோ’, ‘30 லூப்’, ‘40 துண்டு’, ‘90 மூலம்’. முன்னால் எண் போட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அதே வரிசையில் நிற்கும். எண்களுக்கு நடுவில் இடைவெளி விட்டிருப்பதால் பின்னால் ஒன்று சேர்க்க வேண்டுமானாலும் இடமிருக்கும். புதிதாக இறக்கியது எதுவானாலும் முதலில் ‘வரவு’க்குத்தான் போகும். பெயர் திருத்தி, டேக் போட்டு, ஒருமுறை முழுக்கக் கேட்ட பிறகே அங்கிருந்து உள்ளே வரும். ‘துண்டு’ என்பது ஜிங்கிள், சைரன், கைதட்டல், அறிவிப்புக் குரல் மாதிரியானவை. ‘மூலம்’ பற்றி வீடியோ பகுதியில் சொல்கிறேன்.

ஆடியோ ஃபோல்டருக்குள் நான் பிரிப்பது வந்த மாதத்தின்படி: 2025-01, 2025-02 என்று. கலைஞர் பெயரில் பிரிப்பவர்கள் நிறைய. இருவர் சேர்ந்து பாடியது, மூவர் ரீமிக்ஸ் செய்தது என்று வரும்போது அந்த முறை தடுமாறும். மாதப்படி வைத்தால் எந்தப் பாட்டு எங்கே போகும் என்று யோசிக்கவே வேண்டாம். ஒருமுறை வைத்ததை மறுபடி நகர்த்தும் தேவையும் வராது.

நகர்த்தாமல் இருப்பதுதான் இதில் உயிர்நாடி. டிஜே சாஃப்ட்வேர் ஒரு பாட்டை அதன் முகவரியால் நினைவில் வைத்துக்கொள்கிறது: எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், என்ன பெயர். டிராக்டர் என்ற டிஜே சாஃப்ட்வேர் இதை ‘கலெக்‌ஷன்’ என்ற ஒரே ஃபைலில் எழுதிவைக்கிறது. வர்ச்சுவல் டிஜேவும் ரெக்கார்ட்பாக்ஸும் தங்கள் டேட்டாபேஸில் வைக்கின்றன. செரட்டோ ஒரு படி மேலே போய்க் கியூ பாயின்ட், பீட்கிரிட் (தாளம் விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) இவற்றை எம்பி3யின் டேக்குக்குள்ளேயே எழுதிவிடும். ஆனாலும் கிரேட் என்று அது அழைக்கும் பட்டியல்கள் முகவரியை நம்பித்தான் இருக்கின்றன. நீங்கள் சாஃப்ட்வேரை மூடிவிட்டு ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினால் போதும், அதிலுள்ள அத்தனை பாட்டும் ‘காணவில்லை’ என்று வந்து நிற்கும். மறுபடி இணைக்கும் வசதி எல்லாவற்றிலும் உண்டு. அதை நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு செய்யும் நிலைமை மட்டும் யாருக்கும் வரக்கூடாது.

ஃபைல் பெயர்

கலைஞர், ஒரு சிறு கோடு, பாட்டின் பெயர், அப்புறம் எந்த வடிவம்: எக்ஸ்டெண்டட் (நீட்டியது), ரேடியோ எடிட் (சுருக்கியது), கிளீன் (கெட்ட வார்த்தை நீக்கியது), அகபெல்லா (குரல் மட்டும்), இன்ஸ்ட்ருமென்டல் (இசை மட்டும்). அவ்வளவு போதும். பிபிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை தாளம்) கீயையும் (பாட்டின் சுருதி) பெயரில் எழுதாதீர்கள். அவை பின்னால் திருத்தப்படும், பெயரைத் திருத்தினால் முகவரி உடையும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, சாய்வுக்கோடு போன்றவற்றை விண்டோஸ் பெயரில் ஏற்காது. மேக்கில் வைத்த பெயர் பென்டிரைவுக்குப் போகும்போது இதனால் சிக்கும். இறக்கிய தளத்தின் பெயர், பிட்ரேட் எண் போன்ற குப்பைகளையும் இங்கேயே வெட்டிவிடுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக்குறியை ஒரே குறியீடாக, அல்லது க, ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும்; விண்டோஸ் நீங்கள் தட்டியதை அப்படியே வைக்கும். ஆகவே இரண்டு கம்ப்யூட்டர் மாறி மாறிப் பயன்படுத்துபவருக்கு, எதிரிலேயே இருக்கும் ஃபைலை சாஃப்ட்வேர் இல்லை என்று சொல்லும் நிலை வரலாம். இன்னொன்று, அரங்குகளில் இருக்கும் டிஜே பிளேயர்களின் திரை. பழைய பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

அதனால் ஃபைல் பெயரை நான் ரோமன் எழுத்தில் வைக்கிறேன். லேப்டாப்பில் மட்டும் போடுபவர் தலைப்பு டேக்கில் தமிழை எழுதலாம், எந்தத் தடையும் இல்லை. பென்டிரைவ் எடுத்துப் போய் அங்கிருக்கும் பிளேயரில் போடுபவர் தலைப்பையும் ரோமனில் வைத்துவிட்டு, தமிழ்ப் பெயரைக் குறிப்பு டேக்கில் சேர்ப்பது நல்லது. ரோமனில் எழுதும்போது ஒரே எழுத்துமுறையை முடிவு செய்துகொள்ளுங்கள்: நெடிலுக்கு உயிரெழுத்து ஒன்றா இரண்டா, ழகரத்துக்கு எது, பெயரின் நடுவில் வரும் தகரத்துக்கு எது. ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஒரே பாடகரின் பெயர் நான்கு விதமாக இருந்தால் தேடலில் கால்வாசிதான் வரும்.

தரமும் வடிவமும்

இதில் நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. நடைமுறைக்கு வேண்டியது கொஞ்சம்தான். 320 கிலோபிட் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 மெகாபைட் பிடிக்கும். சிடி தரத்தில் உள்ள வேவ் நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்குச் சற்று மேல். நல்ல சவுண்ட் சிஸ்டத்தில் போடுபவர் முடிந்தவரை தரம் குறையாத வடிவத்தில் வாங்கலாம். ஆனால் வேவ் ஃபைலில் டேக் எழுதுவது ஒழுங்கில்லாத விஷயம்; ஒரு சாஃப்ட்வேர் எழுதியதை இன்னொன்று படிக்காது. அதே ஒலியை ஏஐஎஃப்எஃப் ஆக வைத்தால் எம்பி3யில் உள்ளது போன்ற ஐடி3 டேக், ஆல்பம் படம் எல்லாம் ஒட்டும். ஃபிளாக் தரம் குறையாமலே இடத்தைச் சேமிக்கும், டேக்கும் நன்றாக நிற்கும். ஆனால் 2009இல் வந்த முதல் சிடிஜே-2000 மாதிரியான பிளேயர்கள் ஃபிளாக்கைப் படிக்காது. எனவே எங்கே போனாலும் ஓட வேண்டியவற்றை ஏஐஎஃப்எஃப் அல்லது 320 எம்பி3 ஆக வைத்திருங்கள். 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸைத் தாண்டவும் வேண்டாம்.

பெயரில் 320 என்று இருப்பதால் அது 320 ஆகிவிடாது. 128இல் இருந்ததை 320ஆக மறுபடி மாற்றினால் எடைதான் கூடும், போன ஒலி திரும்பாது. ‘ஸ்பெக்’ என்ற இலவசக் கருவியில் ஃபைலைப் போட்டுப் பாருங்கள். உண்மையான 320 பொதுவாக 20 கிலோஹெர்ட்ஸ் வரை நிறைந்திருக்கும். 128இல் இருந்து வந்தது 16 பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். பழைய பதிவுகளில் மேல் அலைவரிசை இயல்பாகவே குறைவாக இருக்கலாம், அதையும் மனதில் வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள்.

டேக்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

விண்டோஸில் எம்பி3டேக், எதிலும் ஓடும் கிட்3, தானாகத் தகவல் தேடித்தரும் மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் – இவற்றில் ஏதாவது ஒன்று போதும். டிஜே சாஃப்ட்வேருக்குள் இறக்குவதற்கு முன்பே டேக் வேலையை முடித்துவிடுங்கள். இறக்கிய பிறகு வெளியில் மாற்றினால் சாஃப்ட்வேர் தானாகக் கவனிக்காமல் போகலாம். டேக்கை மறுபடி படிக்கச் சொல்லி அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். செரட்டோ வைத்திருப்பவர்கள் டேக்கை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக எழுதக்கூடாது, அதற்குள் இருக்கும் கியூவும் சேர்ந்து போய்விடும்.

டேக் வகையில் ஐடி3 2.3ஐத் தேர்ந்தெடுங்கள், எழுத்துமுறை யூடிஎஃப்-16. 2000ஆம் ஆண்டிலேயே 2.4 வந்துவிட்டது. ஆனாலும் எல்லாக் கருவியும் தடுமாறாமல் படிப்பது 2.3ஐத்தான்.

ஆண்டு என்ற கட்டத்தில் பாட்டு முதலில் வெளியான ஆண்டை எழுதுங்கள். தொகுப்பு ஆல்பத்தில் வாங்கிய பாட்டில் தொகுப்பு வந்த ஆண்டுதான் இருக்கும்; 1983இல் வந்த பாட்டு 2011 என்று உட்கார்ந்திருக்கும். இதைத் திருத்தாமல் ‘80கள்’ என்று தானியங்கிப் பட்டியல் போட்டால் பாதிப் பாட்டு வராது. வயது கலந்த கூட்டத்துக்கு முன் நிற்கும்போது என்னை அதிகம் காப்பாற்றுவது இந்த ஒரு கட்டம்தான்.

ஜானர் (இசை வகை) கட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பெயருக்கு மேல் வேண்டாம். இறக்கிய இடத்தில் கொடுத்ததை அப்படியே விட்டால் ஒரே வகை ஆறு பெயரில் இருக்கும். நுணுக்கமான பிரிவுகளைக் குறிப்புக் கட்டத்துக்கு அனுப்புங்கள்.

குறிப்புக் கட்டம்தான் என் லைப்ரரியின் மூளை. அதில் நான் எழுதுவது எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும்: எந்த நேரத்துக்கு, என்ன மனநிலை, குரல் யாருடையது, எச்சரிக்கை ஏதாவது. உதாரணத்துக்கு, ‘#வரவேற்பு #மிதம் #பெண்குரல்’. இன்னொன்று, ‘#உச்சம் #கூட்டம்பாடும் #கெட்டவார்த்தை2.10’. கடைசியில் உள்ளது இரண்டு நிமிடம் பத்தாவது நொடியில் குழந்தைகள் முன் போட முடியாத வரி வருகிறது என்பதற்கான எச்சரிக்கை. முன்னால் குறி போடுவதற்குக் காரணம் உண்டு: ‘மிதம்’ என்ற சொல் பாட்டின் தலைப்பிலேயே இருந்தாலும் ‘#மிதம்’ என்று தேடினால் நான் எழுதியது மட்டும் வரும். சாஃப்ட்வேர் மாறினாலும் குறிப்புக் கட்டம் கூடவே வரும், அதனால்தான் ஒரு நிறுவனத்தின் தனி டேக் வசதியை விட இதை நான் அதிகம் நம்புகிறேன். பிளேயரில் தமிழ் தெரியாத இடங்களில் போடுபவர் இந்தச் சொற்களையும் ரோமனில் வைத்துக்கொள்ளலாம்.

நட்சத்திர மதிப்பீட்டைப் பாட்டு பிடித்திருக்கிறதா என்பதற்கு வீணாக்காதீர்கள். பிடிக்காதது லைப்ரரிக்குள் ஏன் வர வேண்டும்? நான் அதை ஆற்றலுக்குப் பயன்படுத்துகிறேன். ஒன்று என்றால் பேசிக்கொண்டே கேட்கலாம். மூன்று என்றால் கால் ஆடும். ஐந்து என்றால் இரவில் நான்கைந்து முறைக்கு மேல் போடக்கூடாது. ஒரு பாட்டின் பிபிஎம்மும் அதன் ஆற்றலும் ஒன்றல்ல. 98இல் ஓடும் பாட்டு சில சமயம் 128இல் ஓடுவதை விட அரங்கை அதிகம் குலுக்கும். சாஃப்ட்வேர் பிபிஎம்மைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும், ஆற்றலைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

கீயை எண்ணால் குறிக்கும் கேமலாட் முறை வசதியானது. 1 முதல் 12 வரை எண், மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. 8ஏ என்பது ஏ மைனர், 8பி என்பது சி மேஜர். அதே எண், பக்கத்து எண் – இவற்றோடு சேர்த்தால் பெரும்பாலும் உறுத்தாது. கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் வைக்கும் வசதி) போடாமல் டெம்போவைச் சுமார் 6 சதவீதம் ஏற்றினால் ஒலி அரைச் சுரம் மேலே போகும். அப்போது 8ஏ உண்மையில் 3ஏ ஆகிவிடும், திரையில் பழைய எண்ணே இருந்தாலும். சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கும் கீ எப்போதும் சரியாக இருக்காது. முக்கியமான பாட்டுகளை இசைக் கீபோர்டில் ஒரு சுரம் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

பீட்கிரிட், கியூ

முதலில் சாஃப்ட்வேர் பிபிஎம்மை எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் தேட வேண்டும் என்ற எல்லையை அமைத்துக்கொள்ளுங்கள். 85 என்பதை 170 என்றும், 140 என்பதை 70 என்றும் சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்வது சாதாரணம். அப்புறம் ஒவ்வொரு பாட்டிலும் முதல் தாளம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்; கடைசி நிமிடத்துக்குப் போய் அங்கேயும் பாருங்கள். ஆரம்பத்தில் சரியாக இருந்து கடைசியில் விலகினால் பிபிஎம் எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின்னால் தவறு, அல்லது பாட்டே அசைகிறது. 1980 வாக்கில் டிரம் மெஷின்கள் பரவுவதற்கு முன் பதிவான பாட்டுகளில் பெரும்பாலும் மனிதக் கைதான் தாளம். கோரஸில் வேகம் கூடும், சரணத்தில் இறங்கும். இவற்றுக்கு ஒரே நேர்க்கோட்டுக் கிரிட் ஒத்துவராது. பல இடங்களில் ஆணி அடிக்கும் நெகிழ்வான கிரிட் போடுங்கள். இல்லையென்றால் ‘#கைத்தாளம்’ என்று குறித்துவைத்து அந்தப் பாட்டைக் காதால் சேருங்கள், தானாக வேகம் சேர்க்கும் சிங்க்கை நம்பாதீர்கள்.

ஹாட் கியூவில் (பட்டனை அழுத்தியதும் தாவும் கியூ) ஒரே ஒழுங்கு வேண்டும். என்னுடையது: ஏ முதல் தாளம், பி குரல் தொடங்கும் இடம், சி கோரஸ் அல்லது டிராப் (தாளம் முழு வீச்சில் இறங்கும் இடம்), டி வெளியேறத் தொடங்கும் இடம். எல்லாப் பாட்டிலும் இதேதான், நிறமும் இதேதான். குரல் தொடங்க எவ்வளவு இருக்கிறது என்று அலைவரைபடத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். இரண்டு குரல் மோதிக்கொள்வது நிற்கும்.

ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்களுக்கு: எம்பி3யில் கியூக்கள் எல்லாம் ஒரே அளவு தள்ளிப் போயிருந்தால் பயப்பட வேண்டாம். எம்பி3யின் ஒரு ஃப்ரேம் 1152 சாம்பிள், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 26 மில்லிநொடி. ஃபைலின் தொடக்கத்தை இரண்டு சாஃப்ட்வேரும் வேறு வேறாகக் கணக்கிடுவதால் வரும் விலகல் அது. மாற்றித்தரும் கருவிகள் சில இதைச் சரிசெய்கின்றன. இல்லையென்றால் கிரிட்டை அந்த அளவு நகர்த்தினால் போதும்.

வீடியோ

வீடியோவில் இரண்டு காப்பி வைத்திருங்கள். வந்தபடியே இருப்பது ‘90 மூலம்’ ஃபோல்டரில், அதைத் தொடுவதே இல்லை. மேடைக்கு மாற்றியது ‘20 வீடியோ’வில். சாஃப்ட்வேருக்குத் தெரிவது இரண்டாவது மட்டும்.

மேடைக் காப்பி எல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டும். எம்பி4, எச்.264, 8 பிட், 1080பி, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் ஏஏசி. நொடிக்கு 8 முதல் 10 மெகாபிட் போதும். 10 என்றால் நிமிடத்துக்கு 75 மெகாபைட். புதிய கோடெக்குகள் (வீடியோவைச் சுருக்கும் முறைகள்) இடத்தைச் சேமிக்கும், ஆனால் இரண்டு டெக்கில் இரண்டு வீடியோவும் மேலே ஒரு எஃபெக்டும் ஓடும்போது பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். 10 பிட் எச்.264ஐப் பெரும்பாலான கிராஃபிக்ஸ் கார்டுகள் தாமாக விரிக்காது, சுமை முழுக்கப் பிராசஸர் மேல் விழும்.

பலரும் கவனிக்காதது கீஃப்ரேம் இடைவெளி. எச்.264இல் எல்லா ஃப்ரேமும் முழுப் படமல்ல. ஒரு முழுப் படம், அதற்குப் பிறகு வருபவை எல்லாம் மாற்றங்கள் மட்டும். நீங்கள் ஹாட் கியூவை அழுத்தினால் சாஃப்ட்வேர் அதற்கு முன்னால் உள்ள முழுப் படத்துக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வரும். எக்ஸ்264 என்கோடர் தானாக வைக்கும் உச்ச இடைவெளி 250 ஃப்ரேம். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் அது பத்து நொடி. கியூவை அழுத்தியதும் ஒலி குதித்துவிடும், படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். ஹேண்ட்பிரேக்கில் மாற்றும்போது கூடுதல் அமைப்புப் பெட்டியில் இந்த இடைவெளியை 15 முதல் 30 ஃப்ரேமாகக் குறைத்துவிடுங்கள். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், படம் கைக்குக் கட்டுப்படும்.

ஃப்ரேம் வேகத்தை நிலையானதாக வையுங்கள். ஃபோனில் எடுத்ததும் திரையிலிருந்து பதிந்ததும் பெரும்பாலும் மாறும் வேகத்தில் இருக்கும், போகப் போக உதடும் ஒலியும் பிரியும். மீடியாஇன்ஃபோவில் திறந்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஆனால் 24இல் எடுத்ததை 30ஆக இழுக்காதீர்கள், அசைவு தடுக்கித் தடுக்கித் தெரியும். இயல்பான வேகம் எதுவோ அதுவே இருக்கட்டும்.

வீடியோவோடு வரும் ஒலி அடிக்கடி சுமாராக இருக்கும். உங்களிடம் அதே பாட்டின் நல்ல ஆடியோ இருந்தால், படத்தை மறுபடி என்கோட் செய்யாமல் ஒலியை மட்டும் மாற்றலாம். எஃப்எஃப்எம்பெக் இதை நொடிகளில் செய்யும். மாற்றிய பிறகு இரண்டு இடத்தில் உதட்டைப் பாருங்கள்: முதல் வரி, கடைசி கோரஸ். முதலில் சேர்ந்து கடைசியில் பிரிந்தால் வேகம் வேறு. 24 ஃப்ரேமில் எடுத்ததை 25இல் ஓடவிட்ட பழைய டிவிப் பிரதிகள் சுமார் 4 சதவீதம் வேகமாக இருக்கும், சுருதியும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். அந்தப் பிரதியின் பிபிஎம்மும் கீயும் ஆடியோவிலிருந்து மாறும். நடுவில் வசனம், கதைக் காட்சி என்று புகுத்திய வீடியோவும் உண்டு. அவற்றை வெட்டி, தாளம் அறுபடாத இடத்தில் ஒட்டி, பெயரில் ‘வீடியோ எடிட்’ என்று குறித்துவைக்கிறேன்.

ஆடியோவுக்கும் வீடியோவுக்கும் ஒரே பெயர், கடைசியில் மட்டும் ‘வீடியோ’ என்று சேர்த்தால் தேடும்போது இரண்டும் அடுத்தடுத்து வரும். கிளீன் என்ற குறியை வீடியோவில் தனியாகச் சரிபார்க்க வேண்டும். வரிகள் சுத்தமாக இருந்து காட்சி சங்கடமாக இருக்கும் பாட்டுகள் ஏராளம். குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் பெரிய திரையில் அது ஓடும்போது திரையை அணைக்கத்தான் முடியும். முழு வீடியோவையும் ஒலியில்லாமல் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நான் அந்தக் குறியை எழுதுகிறேன்.

பின்னணிக் காட்சிக்காகத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்களைத் தாளக் கணக்கில் வெட்டுங்கள். 120 பிபிஎம்மில் 16 தாளம் எட்டு நொடி. நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் சரியாக 240 ஃப்ரேம். 241 ஆனால் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன உதறல் தெரியும். ரெசல்யூம் மாதிரி காட்சிக்கென்றே உள்ள சாஃப்ட்வேரில் லூப்பை டிஎக்ஸ்வி அல்லது ஹாப் கோடெக்கில் வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம், விரிக்கும் வேலை கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும், முன்னும் பின்னும் தடையில்லாமல் ஓடும். இடம் மட்டும் நிறைய பிடிக்கும். லூப்பின் பெயரில் நிறம், வேகம், உருவம் மூன்றும் இருக்கட்டும்: ‘நீலம் மெது புகை’, ‘சிவப்பு வேகம் கோடு’. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் லூப்புக்கு ‘#மின்னல்’ என்று கட்டாயம் குறியிடுங்கள். ஒளி மின்னலால் வலிப்பு வருபவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம்.

பிளேலிஸ்ட்

டேக் சரியாக இருந்தால் இது சின்ன வேலை. தானியங்கிப் பட்டியல்கள் சில எப்போதும் இருக்கட்டும்: ஆண்டு 1980 முதல் 1989, ஆற்றல் மூன்றும் அதற்கு மேலும், குறிப்பில் ‘#வரவேற்பு’, கடந்த இரண்டு மாதத்தில் சேர்த்தவை. இவை தாமாக நிறையும். நிகழ்ச்சிக்கென்று கையால் போடும் பட்டியலில் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு பாட்டு வைக்கிறேன், அதற்கு மேல் இல்லை. நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கு ஐந்நூறு பாட்டு எடுத்துப் போவது லைப்ரரியையே மறுபடி மேடையில் தேடுவதற்குச் சமம். அதற்குள் நேரப்படி சின்னச் சின்ன பகுதிகள், கடைசியில் ‘அவசரம்’ என்று ஒரு பகுதி: எந்தக் கூட்டமும் எழுந்துவிடும் என்று நான் உறுதியாக நம்பும் பாட்டுகள் மட்டும்.

டிரைவ், பென்டிரைவ், பேக்கப்

வேலை செய்யும் டிரைவ் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். சுழலும் ஹார்டு டிஸ்க் சப்வூஃபர் அருகில் இருக்கக்கூடாத பொருள். 2005 வாக்கில் இருந்த சில லேப்டாப்களின் 5400 சுழற்சி ஹார்டு டிஸ்குகள் ஒரு பாப் பாட்டின் அதிர்வெண்ணோடு ஒத்திசைந்து முடங்கிப்போனதை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2022இல் எழுதியிருந்தார். பக்கத்து லேப்டாப்பில் அந்தப் பாட்டு ஓடினாலே போதுமாம்.

பிளேயருக்கான பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், பார்ட்டிஷன் வகை எம்பிஆர். எக்ஸ்ஃபேட்டைப் பழைய பிளேயர்கள் படிக்காது, என்டிஎஃப்எஸ்ஸை மறந்துவிடுங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி நெடுங்காலம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தந்ததில்லை, உங்களுடையதும் அப்படியானால் தனிக் கருவி வேண்டும். ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 10 மெகாபிட் வீடியோவில் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லேப்டாப்பில் ஓடும் வீடியோ டிரைவுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை, அங்கே எக்ஸ்ஃபேட் வைக்கலாம். பென்டிரைவில் பாட்டை இழுத்துப் போடாமல் சாஃப்ட்வேரின் ஏற்றுமதி வழியாகவே அனுப்புங்கள், அப்போதுதான் கியூவும் கிரிட்டும் கூடப் போகும். ஒரே மாதிரி இரண்டு பென்டிரைவ், வேறு வேறு பையில்.

பேக்கப் மூன்று காப்பி: வேலை டிரைவ், வீட்டில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று. பாட்டுகளோடு சாஃப்ட்வேரின் டேட்டாபேஸையும் சேர்த்து எடுங்கள். பாட்டை மறுபடி வாங்கிவிடலாம், ஆண்டுக்கணக்கில் போட்ட கியூவை வாங்க முடியாது. கிளவுடில் வைப்பவர்கள் ‘ஆன்லைனில் மட்டும்’ என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். பெயர் மட்டும் லேப்டாப்பில் தெரிந்து, உள்ளே பாட்டு இருக்காது. காப்பி எடுத்த டிரைவிலிருந்து அவ்வப்போது சில பாட்டையும் ஒரு வீடியோவையும் ஓட்டிப் பாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள்

சாஃப்ட்வேர் அன்று போட்டதை வரலாற்றுப் பட்டியலாக வைத்திருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு நான் மூன்று வேலை செய்கிறேன். நன்றாகப் பொருந்திய இரண்டு பாட்டுகளின் குறிப்பிலும் ஒன்றின் பெயரை மற்றொன்றில் எழுதிவைக்கிறேன். கூட்டம் நான் நினைத்தபடி எழாத பாட்டின் நட்சத்திரத்தைத் திருத்துகிறேன். யாரோ கேட்டு என்னிடம் இல்லாத பாட்டுகளை வாங்கி ‘00 வரவு’க்கு அனுப்புகிறேன். அப்புறம் டேட்டாபேஸ் பேக்கப், பென்டிரைவ் இரண்டையும் மறுபடி ஏற்றுமதி. வரவு ஃபோல்டரில் இருப்பதைக் கேட்டு, டேக் போட்டு, கியூ வைத்து உள்ளே அனுப்பிவிட்டுத்தான் புதிதாக வேறெதையும் இறக்குகிறேன்.